முன்காணிக் கமலாதேவி

என் தங்கச்சி கமலாதேவியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல இந்தச் சம்புவெளியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவளுக்குக் கைராசி என்பார்கள், சிரித்த முகம் என்பார்கள், அவள் தைத்த சட்டை பத்து வருசம் போனாலும் கிழியாது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளைப் பற்றி எழுதுகிற உரிமை எனக்குத்தான் கூட. ஐம்பத்தேழு வருசமாக அவளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருப்பவள் நான் ஒருத்திதான். அவ்வளவு கவனமாக அவளை வேறு யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

அவள் பிறந்த மாதம் அப்பாவுக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. பிள்ளை பிறந்த அதிர்ஷ்டம் என்று வீடே கொண்டாடியது. அதற்கு நாலு வருசம் முன்னால் நான் பிறந்தபோது என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லை போலும். நான் கண் விழித்துப் படித்து, சோதனை பாஸ் பண்ணி, உப தபாலகத்தில் முப்பத்திரண்டு வருசம் முத்திரை குத்தினேன். அவள் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டாள். தையல் பழகினாள். இன்றைக்கு ஊரில் பாதிப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை அவள் தைத்தது. என்னைக் கண்டால் சனம் வணக்கம் சொல்லும். அவளைக் கண்டால் நின்று கதைக்கும்.

குறை இல்லாதவளா என்றால், நிறைய உண்டு. எந்தக் காரியத்துக்கும் நேரத்துக்கு வரமாட்டாள். என் தேங்காய் திருவலையைக் கேட்காமல் எடுத்துப் போய், நாலு மாதம் கழித்துப் பல்லை மழுக்கிக் கொண்டுவந்து தருவாள். வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசுவாள். அவள் பிந்தி வந்தாலும் கலியாண வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காதது. நான் நேரத்துக்குப் போவேன். கதிரை கூட அடுக்கியிருக்காது.

இனிக் காணிக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைகளுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். அம்மாவுக்குக் கண்டி வீதியோரம் நாற்பது பேர்ச் காணி, அதாவது கால் ஏக்கர், இருந்தது. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு எனக்குக் கலியாணம் பேசியபோது அதை இரண்டாகப் பிரித்தார்கள். "மூத்தவள் நீ. எந்தப் பாதி வேணும் எண்டு நீயே சொல்லு" என்றா அம்மா.

நான் பின்காணியைக் கேட்டேன். அந்தக் காலத்தில் மூளை உள்ள எவளும் அதைத்தான் கேட்டிருப்பாள். முன்காணிக்கு எதிரே சோதனைச் சாவடியும் மண்மூட்டையும். எங்கேயாவது வெடித்தால் முதலில் கதவு தட்டப்படுவது வீதியோர வீடுதான். பின்காணியில் கல்வீடு இருந்தது, மாமரம் இருந்தது, எல்லையில் இரு காணிக்கும் பொதுவாகப் பங்குக் கிணறு இருந்தது. வீதியிலிருந்து உள்ளே வர எட்டடி ஒழுங்கை. ஜீப் நுழையாத ஒழுங்கை என்று நான் சந்தோசப்பட்டேன். கமலாவுக்கு வெறும் தரை. அவளும் அவள் மனுசன் சின்னராசாவும் தகரம் போட்டுக் குந்தினார்கள். சின்னராசாவுக்குத் துறைமுக மா ஆலையில் வேலை. அவன் வேலைக்குப் போனபின் அவள் அந்தத் தகரத்துக்குள் தனியே இருந்து மெசின் மிதிப்பாள். அப்போது அவளைப் பார்த்து நான் இரக்கப்பட்டேன். அவள்மேல் எனக்கு வந்த கடைசி இரக்கம் அதுதான்.

சண்டை முடிந்தது. சாவடி போனது. வீதியை அகலமாக்கித் தார்க் காப்பெற் போட்டார்கள். கமலாவின் தகரக் கொட்டில் தையல் கடையானது, கடைக்குக் கண்ணாடிக் கதவும் வந்தது. அவளுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள், இரண்டு பேரும் கட்டாரில். காணி கொடுக்க அவளுக்குப் பெண்பிள்ளை இல்லை. எனக்கு ஒரு மகள், தர்சிகா. கணக்குப் பாடத்தில் கடவுளும் கமலாவைப் போலத்தான், இல்லாவிட்டால் ஏன் இப்படிப் பங்கு பிரித்தார்?

மூன்று வருசத்துக்கு முன்னால் பிரதேச சபையைப் பிரித்து எங்கள் சம்புவெளியை நகரமாக்கினார்கள். வீதியில் படுத்திருந்த எருமைகள் அடுத்த நாளும் அங்கேதான் படுத்திருந்தன. ஆனால் பெயர்ப்பலகை வந்தது, நகர சபைக் கந்தோர் வந்தது, கந்தோர் மண்டபத்தில் சுவரளவு வரைபடம் வந்தது. சிவப்பு என்றால் வர்த்தக வலயம், நாலு மாடி வரைக்கும் கட்டலாம், கடை போடலாம். மஞ்சள் என்றால் குடியிருப்பு, இரண்டு மாடிதான், வியாபாரம் கூடாது. கண்டி வீதியிலிருந்து நூறு அடி ஆழத்துக்குச் சிவப்பு. கமலாவின் காணி தொண்ணூற்றொன்பது அடி ஆழம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். சிவப்பு அவளுடைய காணி முழுவதையும் மூடி, என்னுடையதில் ஒரே ஒரு அடி வந்து நின்றுவிட்டது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ரிஸ்லா, கிண்ணியாப் பிள்ளை, பக்கத்தில் நின்றா.

"கோடு எங்கயாவது நிக்கத்தானே வேணும் அம்மா" என்றா.

"அது ஏன் மிஸ் என்ர வளவுக்குள்ள வந்து நிக்க வேணும்?" என்றேன்.

பாவம், சிரித்துக்கொண்டு போய்விட்டா. அன்றைக்கே நான் இன்னொன்றையும் கேட்டு அறிந்தேன். அது பாதையைப் பற்றிய சட்டம்.

தர்சிகாவுக்குத் தம்பலகாமத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். யதுர்சன் என்று பெயர், நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை, அமைதியான பெடியன். ஆவணியில் கலியாணம். என் மனுசன் செத்து ஆறு வருசம், எல்லாப் பேச்சும் என் தலையில்தான். மாப்பிள்ளையின் தாய் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "வீடு எப்ப முடியும்?" என்று கேட்டா. "ஆவணிக்கு முதல்" என்று சொல்லிவிட்டேன். என் இருபது பேர்ச்சைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பின்பக்கம் மகளுக்கு இரண்டு அறையும் குசினியும். முந்தியென்றால் மேசனைக் கூப்பிட்டு நல்ல நாளில் அத்திவாரம் வெட்டினால் சரி. இப்போது சபையின் முத்திரை குத்தின பிளான் வேண்டும், இல்லாவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவார்கள். பிரித்த காணியில் இரண்டாவது வீட்டுக்குப் பன்னிரண்டடிப் பாதை வேண்டும் என்பது புதுச் சட்டம். என்னிடம் இருப்பது எட்டடி. ஒழுங்கைக்கு இடப்பக்கம் அரிசி ஆலையின் கொங்கிறீற் மதில். வலப்பக்கம் கமலாவின் காணி.

நாலடி கேட்க வேண்டும். கேட்டால் தருவாள். அதுதான் பிரச்சினை. சிரித்துக்கொண்டு, வாயில் குண்டூசியோடு, "எடுங்கோ அக்கா" என்பாள். பிறகு ஊர் முழுக்க, கமலா எவ்வளவு நல்லவள், தமக்கையின் மகளுக்கு முன்காணியை விட்டுக்கொடுத்தாள் என்று பேசும். என் மகளின் வீட்டுக்குப் போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளுடைய தயவின் மேல் நடந்து வருவான். நாளைக்குக் கேட்போம், வெள்ளிக்கிழமை கேட்போம் என்று மாசியும் பங்குனியும் போயின.

சித்திரையில் படவரைஞர் லாபிர் சுருட்டிய கடதாசியோடு கமலாவின் கடைக்கு வந்துபோகத் தொடங்கினார். மூன்று மாடி. கீழே இரண்டு கடை, நடுவில் தையல் கூடம், மேலே வீடு. கமலா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி எனக்குச் சொன்னாள்.

"அக்கா, மேல ஏறினா கொட்டியாரக் குடா முழுக்கத் தெரியுமாம். கப்பல் வாறதெல்லாம் தெரியுமாம்."

"எனக்கு உன்ர பின்சுவர் தெரியும்" என்றேன்.

அவள் அதைப் பகிடி என்று எடுத்துச் சிரித்தாள். அவளுக்கு எல்லாமே பகிடி. நான் உள்ளே வந்து கட்டிலில் இருந்து அழுதேன். பொறாமையில் அழுவது வெட்கமான காரியம், அதனால் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

நான் தபாலகத்தில் இருந்தவள். இந்த ஒழுங்கைக்கே பெட்டிசம் எழுதிக் கொடுத்தவள். மின்கம்பத்துக்கு, குப்பைக்கு, பஸ் நிற்காததற்கு எல்லாம் என் கையால்தான் மனுப் போனது. கட்டட விதிகளைச் சபையில் விற்றார்கள், ஒன்று வாங்கி வந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பாவனையில் உள்ள கிணற்றிலிருந்து மலசலகூடக் குழி ஐம்பதடி தள்ளியிருக்க வேண்டும் என்று ஒரு விதி கிடந்தது. கமலா தன் கட்டடத்துக்குப் பின்னால் குழி வெட்டச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டிருந்தாள். பாவாடைக்கு அளவெடுக்க வேண்டும் என்று சொல்லி அவளிடமே தையல் டேப்பை வாங்கினேன். அவள் கோவிலுக்குப் போன நேரம் அளந்தேன். ஐந்தடி டேப், ஏழு தரம் வைத்து, மேலும் மூன்றடி. முப்பத்தெட்டு அடி.

கையெழுத்து இல்லாமல் மனு எழுதினேன். "ஒரு குடும்பம் அன்றாடம் பாவிக்கும் கிணற்றிலிருந்து முப்பத்தெட்டு அடியில் குழி அமைக்கப்படவிருப்பதை மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்." கொண்டுவருகிறோம் என்று பன்மையில் எழுதியது என் சாமர்த்தியம். மொட்டைப் பெட்டிசம்தான், ஆனால் வசனம் ஒன்றிலும் பிழை இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. குழாய்த் தண்ணீர் வந்து ஒன்பது வருசம், அந்தக் கிணற்றை நானே எட்டிப் பார்த்து நாலைந்து வருசமாகிவிட்டது. தவளைதான் குடியிருந்தது. அடுத்த நாளே சந்தைக்குப் போய்ப் புது நைலோன் கயிறும் வாளியும் வாங்கினேன். விடிய எழும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி வாளியைப் போட்டு அள்ளி, வாழைக்கு ஊற்றினேன். தர்சிகா பல்துலக்கிக்கொண்டே பார்த்தாள்.

"என்னம்மா இது? பைப்பில தண்ணி வருதுதானே?"

"கிணத்துத் தண்ணி உடம்புக்கு நல்லது" என்றேன்.

பத்தாம் நாள் ரிஸ்லா மிஸ் டேப்போடு வந்தா. உதவியாளர் ஒரு நுனியைக் கிணற்றுக் கட்டில் பிடிக்க, மிஸ் சுண்ணாம்புக் கோட்டுக்குப் போனா. கமலா கடையிலிருந்து இறங்கி வந்து நின்றாள். நான் ஈர வாளியோடு நின்றேன்.

"முப்பத்தெட்டு" என்றா மிஸ். "மனுவில இருந்ததும் அதேதான்."

"ஆரோ நல்லா அளந்திருக்கினம்" என்றாள் கமலா.

"ரெண்டு வழி இருக்கு. கிணத்தை மூட ரெண்டு பேரும் ஒப்பம் வெச்சுத் தந்தா இந்தப் பிளானை அப்படியே பாஸ் பண்ணலாம். இல்லாட்டிக் குழியை மாத்தணும்."

கமலா என்னைப் பார்த்தாள். மூடச் சொல்லிக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்டால் முடியாது என்று சொல்ல வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

"அக்கா இப்ப கிணத்துத் தண்ணிதான் அள்ளுறா, மிஸ். மூட ஏலாது. நான் குழியை மாத்துறன்" என்றாள்.

மறுபடி லாபிர் வந்தார், மறுபடி கடதாசி சுருண்டது. மூன்று வாரத்தில் அவளுக்குத் திருத்திய பிளான் பாஸாகி வேலை தொடங்கியது. குழியை இப்போது பக்கவாட்டில், என் ஒழுங்கையை ஒட்டி வெட்டினார்கள். நான் யன்னலில் நின்று முழு நாளும் பார்த்தேன். அவள் திட்டம் போட்டபடி ஒன்று நடக்கவில்லை என்பதை என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்ணால் கண்டேன். என்ன சொல்ல, அன்றைக்குப் பகல் சோறு உருசியாக இருந்தது. குழிக்குக் கல் கட்டி, கொங்கிறீற் மூடி போட்டு, மூன்று மாடியிலிருந்தும் வரப்போகும் குழாய்களுக்கு வாய் வைத்தார்கள்.

அந்தச் சந்தோசத்தில் எனக்குத் துணிவு வந்தது. இனி நாலடியைத் தயவாகக் கேட்கத் தேவையில்லை, எட்டடியிலேயே விதிவிலக்குக் கேட்டு மனுப் போடலாம் என்று நினைத்தேன். லாபிரையும் கூட்டிக்கொண்டு ரிஸ்லா மிஸ்ஸின் மேசைக்குப் போனேன். மிஸ் விசயத்தைக் கேட்டுவிட்டு, என்னையும் லாபிரையும் மாறி மாறிப் பார்த்தா.

"நீங்க அம்மாக்குச் சொல்லல்லயா?" என்று லாபிரைக் கேட்டா.

"சொல்ல வேணாம் எண்டவ அவ" என்றார் லாபிர், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

மிஸ் அலுமாரியிலிருந்து கமலாவின் பைலை எடுத்து, கோடு போட்டு வெட்டிய முதல் பிளானை விரித்தா. கட்டடம் ஒழுங்கையிலிருந்து தள்ளி உள்ளே போயிருந்தது. ஒழுங்கையை ஒட்டி ஒரு நீளத் துண்டு, அதற்குள் லாபிரின் அச்சு எழுத்து: "நான்கு அடி. தமக்கையின் மகளின் வீட்டுப் பாதைக்காக விடப்பட்டது." கீழே கமலாதேவியின் கோணல் கையெழுத்து. திகதி சித்திரை.

"இதைக் காட்டி உங்கட வீட்டுக்கு நாங்க தந்திருப்பம் அம்மா. பிரச்சினையே இல்ல" என்றா மிஸ். "குழியை மாத்தச் சொன்னபோது ஐம்பதடி கிடைச்ச இடம் இது மட்டும்தான்."

"குழிக்கு மேலால பாதை போடலாம்தானே?" என்று கேட்டேன்.

"ஏலாதும்மா. பவுசர் லொறி வந்து கழிவை இழுக்க மூடிக்கு மேல வெளியாக் கிடக்கணும். பாரம் ஏறினா உடைஞ்சிரும்."

"இப்ப கிணத்தை மூடினா?"

"மூடலாம். ஆனா குழி கட்டி முடிஞ்சுதானே."

ஆவணிக்கு இரண்டரை மாதம் இருந்தது. என் மகளின் வீட்டுப் பாதையை மண்வெட்டியால் தோண்டியதை நான் யன்னலில் நின்று இரசித்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் அவள்மேல். நேரே அவளுடைய கடைக்குப் போனேன். மெசினில் இருந்தாள், வாயில் குண்டூசி.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

எதை என்று அவள் கேட்கவில்லை. குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினாள்.

"சொல்லியிருந்தா வேண்டாம் எண்டிருப்பீங்கள் அக்கா. பாஸ் பண்ணிக் கையில தந்தா என்ன செய்வீங்கள் எண்டு நினைச்சனான்."

"குழியை மாத்தேக்க சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தனான். மிஸ் அளந்த அண்டைக்கு. நீங்கள் வாளியோட நிண்ட நிலையைப் பார்த்திட்டு விட்டிட்டன்."

அவள் ஒரு ஓரத்தை அடித்து முடித்தாள். பிறகு, கேட்கவே கூடாததைக் கேட்டேன். "அந்தப் பெட்டிசம் ஆர் போட்டது எண்டு தெரியுமோ?"

"என்ர டேப் ரெண்டு நாள் உங்களிட்டத்தானே கிடந்தது."

"உனக்குக் கோவம் வரேல்லையோ?"

"வராமல்? நல்லா வந்தது. ஒரு கிழமை உங்களோட கதைக்கேல்லை. நீங்கள் கவனிக்கேல்லை போல."

கவனிக்கவில்லைதான். அந்தக் கிழமை நானும் அவளோடு கதைக்காமல் இருந்தேன்.

மேல் மாடி வீட்டைத் தர்சிகாவுக்குத் தருவதாக அவளே சொன்னாள். பெடியன்கள் இரண்டு பேரும் கட்டாரை விட்டு வரப்போவதில்லை, எழுதியே கொடுக்கிறேன் என்றாள். வேண்டாம் என்று எழும்பி வந்துவிட்டேன். வீட்டில் தர்சிகா எல்லாவற்றையும் கேட்டாள். பெட்டிசத்தையும் சொன்னேன், மறைக்கத் தெம்பில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அம்மா, நான் சின்னம்மாட்டை ஓம் எண்டு சொல்லப் போறன். உங்களுக்குப் பிடிக்காட்டியும் சொல்லுவன்" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

இரவு பகலாக வேலை நடந்து, ஆவணி பிறந்து மூன்றாம் நாள் மேல் மாடியில் பால் காய்ச்சினோம். பூச்சு மணம் போகவில்லை. யன்னலால் குடா தெரிந்தது, அவள் சொன்னது சரிதான். தம்பலகாமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வான் நிறைய வந்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் முதல் பாலை ஊற்றுகிறவள் வீட்டைக் கொடுக்கிறவள். அடுப்பு மூட்டியாகிவிட்டது, செம்பு நிறையப் பால் இருக்கிறது, கமலாவைக் காணோம். தன் வீட்டுக்கே பிந்தி வருகிறாள்.

அவள் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததும் மாப்பிள்ளையின் தாய் கேட்டா.

"வீடு குடுக்கிறது ஆர்? தாயோ, சின்னத்தாயோ? ஆர் ஊத்துறது?"

எல்லோரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். தர்சிகா நிலத்தைப் பார்த்தாள். என் மகளின் கலியாணத்துக்கு, என் மகளுக்குக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இதென்ன கேள்வி மச்சாள்?" என்றாள் கமலா, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "அம்மான்ர காணி. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினது, மேல் வீடு அக்கான்ர பங்கு. அவதான் மகளுக்குக் குடுக்கிறா. நான் கீழ தைக்கிற ஆள்."

செம்பை எடுத்து என் கையில் வைத்தாள். மாப்பிள்ளையின் தாய் என் தோளைத் தொட்டு, "தனிய நிண்டு இவ்வளவும் செய்திருக்கிறீங்கள், நல்ல தாய்" என்றா. இல்லை என்று நான் சொல்லவில்லை.

காணிக்கும் மாடிக்கும் இத்தனை வருசம் நான் பட்ட வயிற்றெரிச்சல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தான் செய்ததை எல்லோர் முன்னாலும் நான் செய்ததென்று சொல்ல அவளுக்கு ஒரு வினாடிகூட யோசிக்கத் தேவைப்படவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் என் வாயில் அந்தப் பொய் வந்திருக்காது. அப்படி ஒரு மனசு எனக்குக் கிடைக்காமல் அவளுக்குக் கிடைத்துவிட்டதே என்று, செம்பைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துப் பொறாமைப்பட்டேன். பிறகு பாலை ஊற்றினேன்.